காசும் கேஷும்: ஒலி ஒன்று, பிறப்பு இரண்டு

சிங்கப்பூர்த் தமிழர் விலை சொல்வதைக் கேளுங்கள். "மூணு வெள்ளி அம்பது காசு" என்பார் தேக்கா சந்தைக் கடைக்காரர். வெள்ளி என்றால் டாலர், காசு என்றால் சென்ட். வானொலியிலும் செய்தித்தாளிலும் இதேதான். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவருக்கு முதலில் இது புதிதாக இருக்கும். அங்கே காசு என்றால் பொதுவாகப் பணம். இங்கே அது ஓர் அலகு, வெள்ளியில் நூறில் ஒரு பங்கு. அதே கடைக்காரர் அடுத்த மூச்சில் "கேஷா, பே நவ்வா?" என்று கேட்பார். பே நவ் என்பது கைபேசிவழி வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பும் முறை. காசும் கேஷும் இவ்வளவு நெருக்கமாகப் புழங்கும் ஊர் அதிகம் இருக்காது.

அதனால்தானோ என்னவோ, "கேஷ் என்ற ஆங்கிலச் சொல்லே நம்ம காசிலிருந்து போனதுதான்" என்ற செய்தி இங்குள்ள வாட்ஸ்அப் குழுக்களில் ஓயாமல் சுற்றுகிறது. கூடவே கட்டுமரம், மிளகுத்தண்ணீர், கறி, சுருட்டு என்று ஒரு பட்டியலும் வரும். அந்த நான்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனவை, ஐயமில்லை. காசு விஷயத்தில் மட்டும் செய்தி பாதி சரி, பாதி தவறு. தவறான பாதியை விட்டுவிட்டுச் சரியான பாதியைப் பின்தொடர்ந்தால் அது கள்ளிக்கோட்டை, மலாக்கா, சென்னை என்று சுற்றிச் சிங்கப்பூர் ஆற்றங்கரைக்கே கொண்டுவந்து விடுகிறது. வெறும் பெருமைச் செய்தியாக அதைச் சுருக்குவது எனக்கு வருத்தம் தருகிறது. உண்மைக் கதை அதைவிடப் பெரியது.

ஆங்கிலத்தில் கேஷ் என்ற பெயர்ச்சொல் ஒன்றல்ல, இரண்டு. எழுத்தும் உச்சரிப்பும் ஒன்றே. ஆனாலும் நல்ல அகராதிகள் இரண்டையும் தனித்தனிப் பதிவாகவே தருகின்றன. அன்றாடம் எல்லோரும் சொல்லும் கேஷ், அதாவது ரொக்கம், முதலாவது. அதற்கும் தமிழுக்கும் உறவு கிடையாது. சீனா, இந்தியா முதலிய நாடுகளின் மதிப்புக் குறைந்த நாணயத்தைக் குறிக்கும் கேஷ் இரண்டாவது. அதுதான் நம் காசு. இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில், 16ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், ஆங்கிலத்துக்குள் நுழைந்தன. குழப்பத்துக்கு அது ஒன்றே போதும்.

பெட்டியிலிருந்து பிறந்த கேஷ்

முதல் கேஷின் வேர் லத்தீன் மொழியின் 'காப்சா'. பொருள்: பெட்டி. அது இத்தாலிய மொழியில் 'காஸ்ஸா' ஆயிற்று, பிரெஞ்சில் 'கேஸ்' ஆயிற்று. இரண்டும் வணிகர்களின் பணப்பெட்டியைக் குறித்தன. இத்தாலிய நகரங்களின் வட்டிக்கடைகளும் வணிக நிலையங்களும் ஐரோப்பாவுக்கே கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்த காலம் அது. லூக்கா பச்சோலி 1494இல் வெனிஸ் நகரில் அச்சிட்ட கணித நூலில் இரட்டைப் பதிவு முறையை விளக்கும்போது 'காஸ்ஸா' என்ற தலைப்பில் ஒரு கணக்கைத் தொடங்கச் சொல்கிறார். பெட்டிக்குள் வந்தது எவ்வளவு, பெட்டியை விட்டுப் போனது எவ்வளவு என்பதே அந்தக் கணக்கு. ஆங்கில வணிகர்கள் அந்த முறையோடு சொல்லையும் எடுத்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் கேஷ் என்பது பெட்டியையும் குறித்தது, பெட்டிக்குள் இருந்த பணத்தையும் குறித்தது. 18ஆம் நூற்றாண்டில் பெட்டி மறைந்து பணம் மட்டும் நின்றுவிட்டது.

பெட்டியின் பெயர் பணத்துக்கு ஆகிவருவது தமிழருக்கு வியப்பாக இருக்க வேண்டியதில்லை. "இன்னைக்குக் கல்லா எவ்வளவு?" என்று கடை சாத்தும்போது முதலாளி கேட்பது மரப்பெட்டியின் விலையை அல்ல. கல்லா என்ற சொல் உருதுவழி நமக்கு வந்தது. அதன் மூலச்சொல்லுக்குத் தானியம், விளைச்சல் என்ற பொருள் உண்டு. தானியத்திலிருந்து பெட்டிக்கும், பெட்டியிலிருந்து அன்றைய வசூலுக்கும் அது நகர்ந்திருக்கிறது. நகரத்தார் வட்டிக்கடைகளில் 'பெட்டியடிப் பையன்' என்றொரு வேலை இருந்தது. மேலாள், அடுத்தாள் ஆகியோருக்குக் கீழே, பணப்பெட்டிக்கு அருகில் உட்கார்ந்து தொழில் பழகும் இளைஞன் அவன். ஆங்கிலத்தின் 'கேஷியர்' அச்சு அசலாக இதே பொருள் கொண்டது, பெட்டியைப் பார்த்துக்கொள்பவர். பிற்காலத்தில் தமிழில் 'காசாளர்' என்று மொழிபெயர்த்தபோது பெட்டிச் சொல்லின் இடத்தில் காசுச் சொல் வந்து உட்கார்ந்தது. பொருள் சரி, ஒலியும் ஒத்துப்போனது. அப்படி அமைந்த ஒற்றுமையே பின்னால் வந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றவும் வழி செய்தது.

காப்சாவின் குடும்பம் பெரியது. பெட்டி, உறை என்ற பொருளில் வரும் ஆங்கிலக் 'கேஸ்', மருந்து அடைத்த 'கேப்சூல்', காரின் அடிச்சட்டமான 'சேசிஸ்' எல்லாம் அதன் பிள்ளைகள். நீதிமன்றத்தில் நடக்கும் 'கேஸ்' வேறு, அது 'விழுதல், நேர்தல்' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இந்த இடத்தில் இன்னும் சில போலி உறவுகளையும் சொல்லிவிடலாம். கணினியின் 'கேஷ்' நினைவகம் ஒளித்துவைத்தல் என்ற பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. முந்திரிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கேஷ்யூ' பிரேசிலின் துப்பி மொழிச் சொல், போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. படையிலிருந்து ஓர் அதிகாரியை அவமானப்படுத்தி நீக்குவதைக் குறிக்கும் 'கேஷியர்' என்ற வினைக்கும் பணத்துக்கும் தொடர்பில்லை, உடைத்தல் அல்லது செல்லாததாக்குதல் என்ற பொருளுள்ள வேறு வேரிலிருந்து வந்தது. ஒலி ஒத்தால் உறவு என்று முடிவுகட்டக் கூடாது என்பதற்கு இவ்வளவு போதும்.

கடலில் ஏறிய காசு

இரண்டாவது கேஷ் வேறு பாதையில் வந்தது. லுடோவிகோ டி வார்த்தெமா என்ற இத்தாலியப் பயணியின் நூல் 1510இல் அச்சானது. கள்ளிக்கோட்டை நாணயங்களைப் பற்றிச் சொல்லும்போது அவர் 'காஸ்' என்ற ஒன்றைக் குறிப்பிடுகிறார். பதினாறு காஸ் சேர்ந்தால் ஒரு வெள்ளித் 'தாரே' என்கிறார். காசு என்ற சொல் மலையாளத்திலும் உண்டு என்பதால் அவர் காதில் விழுந்தது எது என்பதில் சிக்கல் இல்லை. அதே கரையில் நங்கூரம் போட்ட போர்ச்சுகீசியர் இந்தச் சொல்லைத் தங்கள் நாக்குக்கு ஏற்ப 'கைஷா' என்று ஆக்கினார்கள்.

கதையின் மிக அழகான முடிச்சு இங்கேதான் விழுகிறது. 'கைஷா' போர்ச்சுகீசியருக்குப் புதிய சொல் அன்று. பெட்டி, பணப்பெட்டி என்ற பொருளில் அது அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. லத்தீன் காப்சாவின் போர்ச்சுகீசிய வாரிசு அது. பிறமொழிச் சொல்லைக் கேட்கும் மனிதக் காது தனக்குத் தெரிந்த சொல்லின் அச்சில் அதை வார்த்துக்கொள்ளும். தமிழன் சொன்ன காசு போர்ச்சுகீசிய மாலுமியின் வாயில் அவன் ஊர்ப் பணப்பெட்டியின் பெயரை அணிந்துகொண்டது. ஆக, பெட்டிச் சொல்லும் நாணயச் சொல்லும் பிறப்பால் வேறு. ஆனால் ஆங்கிலத்தில் ஒரே உருவம் எடுப்பதற்கு முன்பே இந்தியக் கடற்கரையில் ஒருமுறை சந்தித்துவிட்டன. 'கேஷ் காசிலிருந்து வந்தது' என்று சொல்வதைவிட இதைச் சொல்வதில்தான் எனக்கு மகிழ்ச்சி அதிகம்.

1511இல் போர்ச்சுகீசியத் தளபதி அல்புகர்க்கு மலாக்காவைப் பிடித்தார். சிங்கப்பூருக்கு வடமேற்கே, அதே நீரிணையின் கரை. அங்கே தமிழ் வணிகர்கள் முன்பே வேரூன்றியிருந்தார்கள். போர்ச்சுகீசியர் ஆவணங்களில் நினா சாட்டு என்று வரும் தமிழ் வணிகர் அவர்களுக்குத் துணை நின்றவர். அதற்குக் கைம்மாறாக அவருக்குப் பெண்டஹாரா என்ற உயர் நிர்வாகப் பதவி கிடைத்தது. இந்தத் தீவுகளில் புழங்கிய சிறு நாணயம் எதுவானாலும், சீனத்தின் துளையிட்ட செப்பு நாணயம் உட்பட, போர்ச்சுகீசியர் எல்லாவற்றையும் 'கைஷா' என்றே அழைத்தார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் கற்று 'கேஷ்' என்றார்கள்.

விளைவு விசித்திரமானது. சீனர் தங்கள் நாணயத்தை அவர்கள் மொழியில் வேறு பெயரால் அழைத்தார்கள். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சீன வரலாற்று நூல்களிலோ, நாணயவியல் பட்டியல்களிலோ அதன் பெயர் கேஷ், அதாவது காசு. வட்ட உடல், நடுவே சதுரத் துளை, கயிற்றில் கோத்து ஆயிரம் ஆயிரமாக எண்ணும் வழக்கம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சின் பேரரசு இந்த வடிவத்தை நாடெங்கும் நிலைநாட்டியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேரரசு விழும்வரை வடிவம் மாறவில்லை. சாவகத்தின் (ஜாவாவின்) மஜபாகித் அரசு 1300ஐ ஒட்டி இந்தச் சீன நாணயத்தையே தன் சந்தைப் பணமாக ஏற்றது. 1984இல் ஃபோர்ட் கேனிங் குன்றில் ஜான் மிக்சிக் தலைமையில் தொடங்கிய அகழாய்வு வரிசை பின்னர் ஆற்றங்கரைக்கும் நீண்டது. எம்பிரஸ் பிளேஸ், நாடாளுமன்ற வளாகம் ஆகிய இடங்களில் 14ஆம் நூற்றாண்டுத் தெமாசெக்கின், அதாவது பழைய சிங்கப்பூரின், எச்சங்களோடு சீனச் செப்பு நாணயங்களும் கிடைத்தன. அருங்காட்சியகத்தில் அவற்றின் ஆங்கிலப் பெயரைப் படிக்கும் தமிழ் மாணவருக்கு, அந்தப் பெயரின் பிறப்பையும் ஆசிரியர் ஒரு வரியில் சொல்லலாம்.

இந்தக் கேஷ் சென்னையில் அரசாங்கச் சொல்லாகவே ஆயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்ற பொன்நாணயம். காசு 'கேஷ்' ஆயிற்று, பணம் 'ஃபனம்' ஆயிற்று, வராகன் மட்டும் 'பகோடா' என்ற புதுப்பெயர் பெற்றது. 1803இல் பர்மிங்காம் நகரின் சோஹோ ஆலையில் சென்னைக்கென்று அடித்த செப்பு நாணயங்களில் ரோமன் இலக்கமும் 'கேஷ்' என்ற சொல்லும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இங்கிலாந்தில் அச்சான உலோகத்தில் ஒரு தமிழ்ச் சொல். இதே வகை நாணயங்கள் 48 டன் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் புயலில் சிக்கி, இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நாணயங்களை வெளியே எடுத்தார்கள். நாணயம் சேகரிப்போரிடம் இன்று எளிதில் கிடைக்கும் 1808ஆம் ஆண்டின் பத்து, இருபது கேஷ் நாணயங்களில் பல அந்தக் கப்பலில் இருந்தவை.

1818இல் சென்னை மாகாணம் ரூபாய்க் கணக்குக்கு மாறியது. வராகனும் பணமும் கேஷும் அரசுக் கணக்கிலிருந்து நீங்கின. அடுத்த ஆண்டு, 1819இல், ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் இறங்கினார்.

மணி, குற்றம், வட்டி

ஆங்கிலத்துக்குப் போன காசு சிறு செப்புத்துண்டு. தமிழுக்குள் அது வாழ்ந்த வாழ்க்கை மிகப் பெரியது. சங்கப் பாடல்களில் காசு பெரும்பாலும் நாணயம் அன்று, அணிகலனில் கோக்கும் பொன்மணி. குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையார் பாடலில் கிளியின் வளைந்த அலகில் பழுத்த வேப்பம்பழம் இருக்கிறது. புது நூலில் கோப்பதற்காகப் பொற்கொல்லன் நகத்தில் பிடித்திருக்கும் 'பொலங்கல ஒரு காசு' போல அது இருக்கிறது என்கிறாள் தலைவி. இன்று கல்யாண வீடுகளில் பார்க்கும் காசுமாலை இந்தப் பழைய பொருளை இன்னும் விடாமல் வைத்திருக்கிறது. காசுக்குக் குற்றம் என்ற பொருளும் உண்டு. கோவலன் கண்ணகியைப் பாராட்டும்போது 'மாசறு பொன்னே' என்று தொடங்கிக் 'காசறு விரையே' என்கிறான், குற்றமற்ற நறுமணமே என்று பொருள். யாப்பில் வெண்பாவின் ஈற்றுச் சீருக்குச் சொல்லும் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாட்டிலும் காசு உட்கார்ந்திருக்கிறது. வடமொழியின் 'கர்ஷம்' என்ற எடைப்பெயரோடு காசை இணைப்போரும் உண்டு. எதுவானாலும் ஆங்கிலத்துக்குப் போனது தமிழ் வடிவம்தான்.

நாணயமாகக் காசு வருமிடங்களில் என் மனம் அதிகம் நிற்பது 7ஆம் நூற்றாண்டில்தான். திருவீழிமிழலையில் பஞ்சம். இறைவன் அப்பருக்கும் சம்பந்தருக்கும் அடியாருக்கு அமுது படைக்க நாளொரு படிக்காசு தந்தான் என்பது வரலாறு. சம்பந்தருக்குக் கிடைத்த காசைக் கடைவீதி முழு மதிப்புக்கு ஏற்கவில்லை, வட்டம் (தள்ளுபடி) கேட்டது. அவர் பாடினார்: 'வாசி தீரவே காசு நல்குவீர்'. வாசி என்பது நாணயத்தின் தரக்குறைவுக்காக மதிப்பில் கழிக்கும் தொகை. இறைவன் தந்த காசையே உரசிப் பார்த்து விலை குறைத்த சந்தை அது! நாணய மாற்று இவ்வளவு முதிர்ந்த நிலையில் இருந்த ஒரு சமூகத்தின் சொல்தான் பின்னால் கடல் கடந்தது.

முதலாம் ராஜராஜன் காலத்தில் காசு பொன்நாணயம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் கோயிலின் காசு ஊர்ச்சபைகளுக்குக் கடனாகத் தரப்படுகிறது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை. பொலிசை என்றால் வட்டி, அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. நூற்றுக்குப் பன்னிரண்டரை. அந்த வட்டியில் விளக்கும் பூசையும் நடந்தன. பொன்னாக இருந்த காசு நூற்றாண்டுகள் கடந்து செப்பாகி, போர்ச்சுகீசியர் வரும்போது சில்லறையின் பெயராகச் சுருங்கியிருந்தது. மதிப்பு உயர்ந்த காலத்தில் வந்திருந்தால் அவர்கள் அதைச் சீனச் செப்புத்துளைக்குப் பெயராக வைத்திருக்க மாட்டார்கள்.

சிங்கப்பூரின் வெள்ளியும் காசும்

சிங்கப்பூருக்கு 1819இல் ராஃபிள்சோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளைக்கு இங்கே முதலில் கிடைத்த வேலை நாணயங்களைச் சோதித்துத் தரம் பார்ப்பது. சில வாரங்களில் அந்த இடத்துக்கு வேறொருவர் மலாக்காவிலிருந்து வந்துவிட்டார். நாராயண பிள்ளை செங்கல் சூளை வைத்து, துணி வியாபாரம் செய்து, 1827இல் மாரியம்மன் கோயிலுக்கு வித்திட்டார். அவரை நாம் கோயில் கட்டியவராகவே நினைவில் வைத்திருக்கிறோம். நாணயம் பார்ப்பவரைச் சங்கத் தமிழ் வண்ணக்கன் என்றது. அந்தத் தொழில்தான் இங்கு வந்த முதல் தமிழர்களில் ஒருவருக்கு வாய்த்த வேலை என்பதையும் சொல்லித்தர வேண்டும்.

புதிய துறைமுகத்துக்கு அந்த வேலை ஏன் தேவைப்பட்டது? கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் ரூபாய் இருந்தாலும் சந்தையில் ஓடியது ஸ்பானிய, மெக்சிக்க வெள்ளி டாலர்தான். எடை குறைந்தது, ஓரம் சுரண்டியது, கள்ள நாணயம் எல்லாம் கலந்து வந்தன. அந்த டாலரின் பற்கள் வெட்டிய ஓரத்தைப் பார்த்து மலாய்க்காரர் 'ரிங்கிட்' என்றார்கள். தமிழர் உலோகத்தைப் பார்த்து 'வெள்ளி' என்றார்கள். 1903இல் நீரிணைக் குடியேற்றம், அதாவது சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதி, தனக்கென்று வெள்ளி டாலர் அடித்தது. பிறகு தாள் வந்தது, ஜப்பானியர் காலத்தில் வாழைமரப் படம் போட்ட நோட்டு வந்து மதிப்பிழந்து போனது, 1967இல் சிங்கப்பூரின் சொந்த நாணயம் வந்தது. இன்றைய நாணயத்தில் வெள்ளி உலோகமே இல்லை, பெயர் மட்டும் நிற்கிறது. அதன் நூறில் ஒரு பங்குக்குப் பெயர் வேண்டியிருந்தபோது தமிழர் சென்ட் என்பதைத் தேடிப் போகவில்லை. மிகச் சிறிய நாணயத்துக்குத் தங்களிடம் ஏற்கெனவே இருந்த பெயரை வைத்தார்கள். தமிழ்நாட்டில் ரூபாயும் பைசாவும் வந்து காசை அலகு நிலையிலிருந்து இறக்கிவிட்டன. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும்தான் அது இன்றும் எண்ணிக்கைப் பெயராக, 'இருபது காசு', 'ஐம்பது காசு' என்று வாழ்கிறது. 80 காசு ஒரு பணம் என்று எண்ணிய சென்னை வணிகர் இந்த வழக்கைக் கேட்டால் உடனே புரிந்துகொள்வார்.

பெட்டிப் பொருளும் இங்கே தனியே வாழ்ந்தது. மார்க்கெட் ஸ்திரீட்டைத் தமிழர் செட்டித் தெரு என்றார்கள். அங்கே நகரத்தாரின் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. ஒரே நீண்ட கூடத்தில் பல கடைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விரிப்பு, ஒரு சாய்மேசை, ஒரு பெட்டகம். தோட்டக்காரர், சீனக் கடைக்காரர், சம்பளம் போதாத அரசு ஊழியர் என்று எல்லா இனத்தவரும் கடன் வாங்க வந்து உட்கார்ந்த இடம். 1859இல் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயில் எழுந்ததும் இந்தத் தொழிலின் வருவாயில்தான். கிட்டங்கி என்ற சொல் கிடங்கின் உறவு. மலாயின் 'குடாங்', ஆங்கிலத்தின் 'கோடவுன்' எல்லாம் அந்தத் தென்னிந்தியச் சொற்குடும்பத்தோடு சேர்த்தே பேசப்படுபவை. 1970களில் அந்தத் தெரு இடிபட்டு உயர்ந்த கட்டடங்கள் வந்தன. நகரத்தார் பேச்சில் அந்த இடம் இன்னும் கிட்டங்கிதான்.

இன்றைய கேஷ் எது?

ஆங்கிலத்தில் முதல் கேஷ் நின்ற இடத்தில் நிற்கவில்லை. பெட்டி பணமானது போல, கையில் இருக்கும் பணம் என்ற பொருளும் விரிந்தது. கடனுக்கு எதிர்ப்பதம் கேஷ். வீட்டுச் சாப்பாட்டுக்கு அல்லாமல் விற்பதற்கென்றே பயிரிடுவது 'கேஷ் கிராப்', தமிழில் பணப்பயிர். சூதாட்டத்தில் வில்லைகளைக் கொடுத்துப் பணமாக்கிக்கொள்வதைச் சொல்லும் தொடர் சாவுக்கும் ஆகிவந்தது. கணக்காளருக்குக் கேஷ் என்றால் தாளும் நாணயமும் மட்டும் அல்ல, கேட்டவுடன் எடுக்கக்கூடிய வங்கி இருப்பும் சேர்ந்தது. மூன்று மாதத்துக்குள் முதிரும் பாதுகாப்பான முதலீடுகளை 'கேஷுக்கு நிகர்' என்று அதன் பக்கத்திலேயே எழுதுவார்கள்.

சிங்கப்பூர் இதை இன்னும் ஒரு படி நகர்த்தியது. 1996இல் இங்கு வந்த மின்னணு அட்டைக்குக் கேஷ்கார்டு என்றே பெயர். 1998இல் சாலைக் கட்டணம் மின்மயமானபோது வாகன ஓட்டிகள் அதைத்தான் கருவியில் செருகினார்கள். தாள் இல்லை, நாணயம் இல்லை, பெயர் மட்டும் கேஷ். இன்னொரு பக்கம் உண்மையான தாள் மெல்லக் குறைகிறது. உலகிலேயே மதிப்பு மிகுந்த தாள்களுள் ஒன்றாக இருந்த 10,000 வெள்ளி நோட்டு 2014க்குப் பிறகு வெளியிடப்படவில்லை. 1,000 வெள்ளி நோட்டு 2021 ஜனவரியோடு நின்றது. பெருந்தொகையை ரகசியமாகக் கைமாற்றுவோருக்கு அவை உதவக்கூடும் என்பது நாணய ஆணையம் சொன்ன காரணம். ஒரு காசு நாணயத்தை வெளியிடுவது 2002இலேயே நின்றுவிட்டது.

சிங்கப்பூருக்கே உரிய பொருள் வீடு வாங்கும்போதுதான் தெரியும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) மறுவிற்பனை வீட்டுக்கு மதிப்பீட்டை மிஞ்சிய விலை பேசினால் மிஞ்சிய தொகையைக் கேஷாகக் கட்ட வேண்டும். வங்கிக் கடனில் வாங்கினால் விலையில் குறைந்தது 5 விழுக்காடு கேஷாக இருக்க வேண்டும். இங்கே கேஷ் என்பதன் பொருள் நோட்டுக் கட்டு அன்று. மத்திய சேமநிதியிலிருந்து (மசேநி, ஆங்கிலத்தில் சிபிஎஃப்) வராத, கடனாகவும் வராத, உங்கள் சொந்தப் பணம் என்பதே பொருள். அதை யாரும் பையில் எடுத்துப்போவதில்லை, வங்கி மாற்றாகவோ காசாளர் காசோலையாகவோ போகிறது. பொருள் சேவை வரிப் பற்றுச்சீட்டுத் திட்டத்தில் 'கேஷ்' என்று வரும் தொகையும் அப்படியே. மருத்துவக் கணக்கில் சேரும் பகுதியிலிருந்து பிரித்துக் காட்டவே அந்தப் பெயர். பெரும்பாலோருக்கு அது பே நவ் வழியாகக் கணக்கில் வந்து விழுகிறது.

இந்த இடங்களில் தமிழ் அறிவிப்புகள் 'ரொக்கம்' என்று எழுதுகின்றன. அகராதிப்படி சரி. ஆனால் தமிழில் ரொக்கம் என்றால் கைக்குக் கை எண்ணிக் கொடுப்பது என்ற பொருள் இன்னும் கெட்டியாக இருக்கிறது. ரொக்கம் வரும் என்று கடிதத்தில் படித்த ஒரு பாட்டி யார், எங்கே, எப்போது கொடுப்பார்கள் என்று கேட்டால் அது அவர் குற்றம் ஆகாது. உதவித்தொகை பற்றிய அறிவிப்பில் 'வங்கிக் கணக்கில் சேரும் பணம்' என்றும், வீட்டுக் கொள்முதல் விளக்கத்தில் 'மசேநி அல்லாத சொந்தப் பணம்' என்றும் விரித்து எழுதினால் சில சொற்கள் கூடும், அவ்வளவுதான். சமூக மன்ற மேசைகளில் உட்கார்ந்து முதியவர்களுக்குப் படிவம் நிரப்பித் தரும் தொண்டூழியர்கள் பலர் வாய்மொழியில் ஏற்கெனவே இப்படித்தான் சொல்கிறார்கள்: "இது சிபிஎஃப் காசு இல்லைம்மா, நம்ம கைக்காசு."